உப்பு மேஸ்திரி வளத்த செண்பகம்

போன வெள்ளிக்கிழம காலைல எங்க வீட்டு வாசல்ல கூட்டம். பதினோரு பேரு. நானே எண்ணினேன்.

யாரும் போய்ச் சேரலீங்க... பயப்படாதீங்க. எல்லாம் ஒரே ஒரு செடியப் பாக்க வந்த கூட்டம். மரக்காணத்துல, உப்பளத்துக்கு கூப்புடு தூரத்துல, ஒரு வீட்ல செண்பகம் பூத்திருக்குது! அதுவும் யாரு வீட்ல? எவன் தொட்டா கத்தாழையே வாடிப் போவுமோ, அவன் வீட்ல!

பக்கத்து வீட்டுக்காரரு மூக்க நீட்டி மோந்து பாத்தாரு. அப்புறம் என்ன மேலயும் கீழயும் பாத்தாரு.

"ஏம்பா, நெசமாவே பூத்துதா? இல்ல கடைல வாங்கி நூலு போட்டு கட்டி வுட்டிருக்கியா?"

சொன்னதோட நிக்கல. காம்பாண்ட குனிஞ்சு நூலு இருக்குதான்னு வேற தேடறாரு. பாருங்க, என் மேல ஊருக்கு எவ்ளோ நம்பிக்க!

வாரா வாரம் இந்தப் பக்கத்தப் படிக்கிற உங்களுக்கு என் யோக்கியத நல்லாத் தெரியும். படிப்பு மூணாங்கிளாஸ். எழுத்துல தப்பு இருந்தா எடிட்டர் பாத்துப்பாரு... அவருக்கும் வேல வேணும்ல? தொழிலு, உப்பளத்துல மேஸ்திரி. அதாவது, தண்ணிய வெயில்ல காய வச்சு சாகடிக்கறதுக்கு எனக்குக் கூலி குடுக்கறாங்க. பாத்தில ஒரு புல்லு மொளச்சா கூட எங்களுக்கு மானக்கேடு. அப்பேர்ப்பட்டவன் பூச்செடி வளக்கக் கெளம்பினா எப்படி இருக்கும்? கசாப்புக் கடக்காரரு ஆடு வளக்கற மாதிரி இருக்கும்... சேச்சே, தப்பு. அவராவது ஆட்ட நல்லாத் தின்ன வச்சு வளப்பாரு.

அப்ப ஏன் கெளம்பின?

வேற என்ன... பொண்டாட்டி!

என் வீட்டுக்காரி வசந்தா பொறந்தது திண்டிவனத்துக்கு இந்தாண்ட, செம்மண்ணு ஊரு. அங்க அவங்கண்ணன் வீட்டு வாசல்ல ஒரு செண்பக மரம் இருக்குது. ஆளு ஒசரத்துக்கு ரெண்டு மடங்கு. வசந்தா எப்பப் போனாலும், கெளம்பற நேரத்துல அவங்க அண்ணி ரெண்டு பூ எடுத்தாந்து கைல குடுப்பாங்க.

கவனிச்சீங்களா? ரெண்டு.

போன வருசம் சித்திரைல போயிட்டு பஸ்ஸுல திரும்பி வந்துட்டு இருக்கோம். வசந்தா அந்த ரெண்டு பூவ தலைல வெக்கல. கைலயே வச்சு மொறச்சுகிட்டே வர்றா.

"ஏன் வெக்கல?"ன்னு கேட்டேன்.

"இது எத்தினி, சொல்லுங்க."

"ரெண்டு."

"மரத்துல எத்தினி இருந்துச்சு?"

"நான் எங்க எண்ணினேன்? நான் கோழிக்கொழம்புல இல்ல இருந்தேன்..."

"மொட்டோட சேத்து முந்நூறு இருக்கும். மரம் பூரா மஞ்ச மஞ்சையா நிக்குது. எனக்கு ரெண்டு! நான் பொறந்த வீடு அது. அந்தப் பொம்பள நேத்து வந்தவ. பிச்ச போடற மாதிரி ரெண்டே ரெண்டு கைல வக்கிறா. ஒரு நாளாச்சும் மூணு குடுத்திருக்காளா?"

"காதுக்கு ஒண்ணுன்னு கணக்குப் பண்ணியிருப்பாங்க"ன்னு ஒரு ஜோக் அடிச்சேன்.

அடிச்சிருக்கக் கூடாது.

அந்த பஸ்ஸு மரக்காணம் வந்து சேர்றதுக்குள்ள எம் பொண்டாட்டி சபதம் போட்டுட்டா. "நம்ம வீட்டு வாசல்ல செண்பகம் பூக்கணும். என் தலைல என் பூ இருக்கணும். அதுக்கப்புறம்தான் அந்த வீட்டுப் படி ஏறுவேன். அது வரைக்கும் நல்லது கெட்டது எதுக்கும் போவ மாட்டேன்!"

அவ மானம் அவளுக்கு. எனக்கு? மச்சான் வீட்டு நாட்டுக்கோழிக் கொழம்பு! வசந்தா போவலன்னா நான் மட்டும் தனியாப் போயி பந்தில ஒக்கார முடியுமா? செடி பூத்தே ஆவணும்.

மறுவாரமே பொம்மையார்பாளையம் கெளம்பினேன். அந்தப் பக்கம் நர்சரிங்க இருக்குது. வெள்ளக்காரங்க வந்து வந்து, செடிங்களே தமிழ மறந்துடுச்சோன்னு தோணும். அரை டவுசர் போட்ட ஒருத்தரு, நெத்தி மேல கூலிங்கிளாஸு.

"செண்பகம் இருக்குதுங்களா?"

"சார், மேக்னோலியா பாருங்க சார்."

ஒரு போட்டோ காட்டினாரு. வெள்ள வெளேர்னு ஒரு பூ. சைஸு... சோத்துத் தட்டு சைஸு! சோத்துத் தட்டக் காட்டினா நான் மயங்காம இருப்பனா?

"நான் கேட்டது செண்பகம்ங்க."

"ஒரே குடும்பம்தான் சார். இது செண்பகத்தோட அண்ணன்!"

அண்ணன்! அவங்கண்ணன் வீட்டு மரத்த ஜெயிக்க, செண்பகத்தோட அண்ணனையே நம்ம வீட்ல எறக்கினா எப்படி? என் மூள எனக்கே புடிச்சிருந்துச்சு. வாங்கிட்டேன்.

குழி தோண்டி நட்டேன். இப்பத்தான் என் தொழில் தெறமயக் காட்டினேன். எங்க பக்கம் தென்னம்புள்ள நட்டா குழில ரெண்டு கை உப்பு போடுவாங்க. எல்லா வீட்லயும் உண்டு. தென்ன சும்மா ஜம்முனு வரும். உள்ளூரு தென்னைக்கே ரெண்டு கைன்னா, வெளிநாட்டு விருந்தாளிக்கு? மரியாத குடுக்க வேணாமா? நாலு கை போட்டேன். அதுவும் நானே வாரின உப்பு. கல்லு கல்லா, பளபளன்னு.

ரெண்டே வாரம். எலையெல்லாம் பொரிச்ச அப்பளம் மாதிரி ஆயிடுச்சு. தொட்டா 'நொறுக்'!

அந்தக் குச்சியத் தூக்கிட்டு நர்சரிக்குப் போனேன். நியாயம் கேக்கத்தான்.

"என்ன சார் போட்டீங்க?"

"என்னத்தப் போட்டேன்... ஒரு நாலு கை உப்பு."

அந்த ஆளு கூலிங்கிளாஸ கழட்டிட்டாரு. "உப்பா? சார்... செடி வச்சீங்களா, ஊறுகா போட்டீங்களா?"

அப்புறம் அவரே உண்மையச் சொன்னாரு. "ஆனா அது குளுரு ஊரு செடி சார். நீங்க உப்பு போடலன்னாலும் உங்க கடக்கரைல இழுத்துகிட்டுத்தான் கெடந்திருக்கும்."

"அப்ப ஏன்யா வித்தே?"

"நீங்க போட்டோவப் பாத்து அப்படி சிரிச்சீங்க சார்!"

இதுக்கு மேல என்னத்தச் சண்ட போடறது? இந்தத் தடவ ஒழுங்கா ரெண்டு செண்பகச் செடிய எடுத்து வச்சாரு. பாக்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. "இது வெதைல மொளச்சது சார். பூக்க எட்டு வருசமாவும், பத்து வருசமாவும். இது ஒட்டுச் செடி. நல்லா வந்தா ஒரு வருசம், ரெண்டு வருசத்துலயே பூ பாத்துடலாம்."

பத்து வருசம் கோழிக்கொழம்பு இல்லாம நான் இருப்பனா? ஒட்டையே எடுத்தேன்.

"செம்மண்ணு போடுங்க. தண்ணி தேங்கக் கூடாது. ஒட்டுக் கட்டு மண்ணுக்கு மேல தெரியணும், அதுக்குக் கீழ துளிரு வந்தா கிள்ளிடுங்க. கடக் காத்து நேரா அடிக்காத எடமா வையுங்க. அப்புறம் சார்... உப்பு வேணாம். மண்ணுலயும் வேணாம், தண்ணிலயும் வேணாம். சரியா?"

கொழந்தைக்குச் சொல்ற மாதிரி சொன்னாரு. நானும் கொழந்த மாதிரி தலையாட்டினேன்.

எங்க வாசல்ல ரெண்டடி தோண்டினாலே உப்பு மண்ணு. அதனால கெணத்துக்குப் போடற சிமெண்ட்டு உறை ரெண்டு வாங்கி, தரைக்கு மேல ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினேன். அடில கருங்கல்லு ஜல்லி. உப்பு ஏத்தறதுக்கு திண்டிவனம் பக்கமிருந்து காலியா வர்ற லாரில சொல்லி செம்மண்ணு எறக்கினேன். உப்பு மூட்டச் சாக்குல கட்டாம, புதுச் சாக்குல கட்டி எடுத்தாந்தேன். அந்த அளவுக்கு அறிவு வந்துடுச்சு!

பக்கத்து வீட்டுக்காரரு எட்டிப் பாத்தாரு. "ஏம்பா, ஊருல எல்லாரும் கெணத்த கீழ தோண்டுவான். நீ என்னா, மேல கட்டற?"

சிரிக்கட்டும். செடி துளிரு வுட்டுச்சு. வசந்தா தெனம் காலைல அத ஒரு சுத்து சுத்தி வருவா, ஏதோ கோயிலச் சுத்தற மாதிரி.

ரெண்டு மாசம் கழிச்சு எல ஓரமெல்லாம் பழுப்பாச்சு. நெருப்புல காட்டின காயிதம் மாதிரி. மறுபடியும் மொதல்லேர்ந்தா?

"உப்பு போட்டீங்களா?" வசந்தா இடுப்புல கை வச்சுகிட்டு நிக்கிறா.

"சத்தியமா இல்ல."

"அப்ப தண்ணிலதான் உப்பு."

"யாருகிட்ட? மேஸ்திரிகிட்டயேவா?"

உப்பளத்துலேர்ந்து டிகிரி மீட்டர எடுத்தாந்தேன். அது ஒண்ணுமில்ல... கண்ணாடிக் குழா, அடில ஈயக் குண்டு. தண்ணில மெதக்க வுட்டா உப்பு எவ்ளோன்னு காட்டும். கடல் தண்ணி மூணு டிகிரி. இருவத்தஞ்சுக்கு வந்தா உப்பு எறங்கும். எங்க போரு தண்ணில மெதக்க வுட்டேன். ஒண்ணு கூட காட்டல! வாய்ல ஊத்தியும் பாத்தேன். பால் மாதிரி இருக்குது!

"பாத்துக்க. மிசினும் சொல்லுது, நாக்கும் சொல்லுது. சுத்தமான நல்ல தண்ணி. செடிக்கு தாகம், அவ்ளோதான்"னு இன்னும் ரெண்டு கொடம் சேத்து ஊத்தினேன்.

நான் ஊத்த ஊத்த அது பழுத்துச்சு. அது பழுக்கப் பழுக்க நான் ஊத்தினேன்.

இந்த நெலமைல ஆடி மாசம் வந்துச்சு. எங்க அம்மன் கோயில்ல கூழு ஊத்தறாங்கன்னு, யாரு வர்றாங்க? வசந்தாவோட அண்ணி! என் மொறைக்கு அக்கா மாதிரி. நல்ல மனுசிதான். ஆனா அத எங்க வீட்ல வாயத் தொறந்து சொல்ல முடியாது.

"ஏன் வசந்தா, வீட்டாண்டயே வர மாட்டேங்கற? உங்கண்ணன் கேட்டுகினே இருக்காரு"ன்னு அக்கா கேட்டாங்க.

"வேல அண்ணி"ன்னு சொல்லிட்டு வசந்தா காபி கலந்தாந்து வச்சா. அன்னிக்குன்னு பாத்து தெருக் கொழால தண்ணி வரல. போரு தண்ணிலதான் காபி. எங்களுக்கு அது ஒரு பெரிய விசயமே இல்ல.

அக்கா ஒரு வாய் குடிச்சாங்க. மொகம் கோணிப் போச்சு. "ஐயே! என்னடி வசந்தா, சக்கரைக்கு பதிலா உப்ப போட்டுட்டியா?"

வசந்தா கண்ணு செவந்துடுச்சு. "சக்கரதான் அண்ணி போட்டேன்!"

நான் குடிச்சுப் பாத்தேன். சூப்பரா இருந்துச்சு. வசந்தா குடிச்சுப் பாத்தா. அவளுக்கும் சூப்பரு. அக்கா வெறுந்தண்ணி கேட்டு வாங்கி, ஒரு முழுங்கு குடிச்சுட்டு, வாசல்ல போயி துப்பிட்டு வந்தாங்க.

"இதயா குடிக்கறீங்க? தம்பி, அந்த உறைக்குள்ள ஒரு செடி சாவப் போவுதே... அதுக்கும் இதத்தான் ஊத்தறீங்களா?"

நான் வுடுவனா? மிசின எடுத்தாந்து மெதக்க வுட்டுக் காட்டினேன். "பாருங்கக்கா, ஒண்ணு கூட காட்டல."

"இத வச்சு உப்பளத்துல எத்தினி வரைக்கும் பாப்பீங்க?"

"இருவத்தஞ்சு வரைக்கும்க்கா."

அக்கா என்னப் பாத்த பார்வ இருக்குதே... "லாரி நிறுக்கற எட மேடைல ஒரு கட்டு கொத்தமல்லிய வச்சுட்டு, வெயிட்டே இல்லன்றீங்களே தம்பி!"

எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. கடல் உள்ள வந்துட்டுப் போனதுலேர்ந்து எங்க தெரு போரு தண்ணி எல்லாம் மாறிப்போயிருக்குது. (அந்த நாளப் பத்தி ஜோக் அடிக்க எனக்கு நாக்கு வராது. அத வுட்டுடுவோம்.) ஆனா அது எங்க யாருக்கும் தெரியல. ஏன்? நாள் பூரா உப்புலயே நிக்கறோம், உப்பயே சுவாசிக்கறோம். எங்க நாக்குல உப்ப கண்டுபுடிக்கற மிசினு எப்பவோ ரிப்பேரு! நம்மகிட்ட என்ன சரியில்லன்றத, எங்கேர்ந்தோ வந்து ஒரு வாய் குடிச்சுட்டு மொகம் சுளிக்கறவங்கதான் சொல்லணும். ஆனா மொகம் சுளிக்கறவங்கள நமக்குப் புடிக்குதா? அதான் பிரச்சன.

அக்கா பஸ்ஸு ஏறினதும் வசந்தா ஆரம்பிச்சா. "பாத்தீங்களா? வீடு தேடி வந்து என் காபிய துப்பிட்டுப் போறா!"

"அவங்க துப்பினதாலதான் செடி பொழைக்கப் போவுது."

"பொழைக்கட்டும். அதுக்காவ ரெண்டு பூ மூணாயிடுமா?"

அதுக்கு அப்புறம் ஒரு வருசம் நான் பட்டது இருக்குதே... தெனம் காலைல தெருக் கொழாயில, பொம்பளைங்க வரிசைல, கைல ப்ளாஸ்டிக் கொடத்தோட நான் ஒருத்தன்தான் மீச.

"என்ன மேஸ்திரி, வசந்தாக்காவுக்கு ஒடம்பு சரியில்லியா?"

"செடிக்கும்மா..."

"செடிக்கா! எங்க வீட்டு ஆம்பள எனக்கே ஒரு கொடம் புடிச்சுக் குடுத்ததில்ல. இவரு செடிக்குப் புடிக்கறாராம்டீ!"

மொத வாரம், பழைய உப்பெல்லாம் அடி வழியா எறங்கற வரைக்கும் நல்ல தண்ணியா ஊத்தி மண்ணக் கழுவினேன். ஐப்பசி மழைக்கு வீட்ல இருக்கற அண்டா குண்டா எல்லாத்தையும் வாசல்ல வச்சுப் புடிச்சேன். கடக் காத்துல எல மேல படியற உப்ப, ஈரத் துணியால ஒவ்வொரு எலையா தொடச்சேன். எம் மொகத்த நான் அப்படித் தொடச்சதில்லீங்க. தொடச்சிருந்தா இந்நேரம் நானே பூத்திருப்பேன்.

இந்த ஆடில மொட்டு வந்துச்சு. அஞ்சு மொட்டு.

வெள்ளிக்கிழம காலைல அஞ்சும் பூத்துது. பதினோரு பேரு கூடினதும் அதுக்குத்தான். ஆனா வசந்தா ஒண்ணக் கூட பறிக்கல. யாரையும் தொட வுடல. "கூழு ஊத்தறதுக்கு அண்ணி வருவா. அவ வரட்டும்."

சொன்ன தோரணையே சரியில்ல. ஏன்னா, மொட்டு வந்த நாளுலேர்ந்து எங்க வீட்ல ரிகர்சல் நடந்துகிட்டு இருந்துச்சு. ரெண்டே ரெண்டு பூவப் பறிச்சு, உள்ளங்கைல வச்சு, அவங்க நீட்டற மாதிரியே நீட்டி, "இந்தாங்க அண்ணி, ரெண்டு. எங்க வீட்ல வர்றவங்களுக்கு இவ்ளோதான் குடுக்கறது"ன்னு சொல்லணும். இதான் டயலாக்கு. ரிகர்சல்ல அண்ணி வேசம் எனக்கு. மூணு தடவ கை நீட்டி பூ வாங்கியிருக்கேன். நாலாவது தடவ, "இன்னும் கொஞ்சம் அவமானப்படற மாதிரி வாங்குங்க"ன்னு திருத்தினா.

பதினோரு மணிக்கு அக்கா வந்து எறங்கினாங்க. கூட்டம் கலஞ்சிருந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரரு மட்டும் நூலு தேடறத வுடல.

வசந்தா ரெண்டு பூவப் பறிச்சா. நீட்டினா. டயலாக்க ஒரு எழுத்து பிசகாம சொன்னா. நான் மனசுக்குள்ள கைத்தட்டிகிட்டேன்.

அக்கா அவமானப்படல.

ரெண்டு பூவையும் வாங்கி கண்ணுல ஒத்திகிட்டாங்க. அப்புறம், "கல்யாணமாயி இத்தினி வருசத்துல எனக்குன்னு ஆசயா ஒருத்தரும் பூ பறிச்சுக் குடுத்ததில்ல வசந்தா"ன்னாங்க.

"ஏன்? வாசல்ல மரமே நிக்குதே!" வசந்தா குரல்ல இன்னும் சூடு எறங்கல.

"மரம் நிக்குது. விடியறதுக்குள்ள உங்கண்ணன் பறிச்சு எண்ணி திண்டிவனம் பூக்கடைக்கு அனுப்பிடுவாரு. நிக்கற மொட்டு மறுநாளு போறது. ஒண்ணு கொறஞ்சாலும் 'யாரு கை வச்சது'ம்பாரு. எண்ணி முடிச்சு எனக்குன்னு தெனம் ரெண்டு ஒதுக்கி வைப்பாரு. நீ வர்ற அன்னிக்கு அத உனக்குக் குடுத்துடுவேன்."

வசந்தா இடுப்புல வச்சிருந்த கைய எறக்கினா.

"நீதான் அத தலைல வச்சுக்கவே மாட்டேங்கற. கைலயே புடிச்சுகிட்டுப் போற. பூ புடிக்கலியோன்னு நெனச்சுப்பேன்."

ரிகர்சல்ல இந்த சீனு இல்ல. வசந்தா என்னப் பாத்தா. நான் உறையப் பாத்தேன். பக்கத்து வீட்டுக்காரரு கூட வீட்டுக்குள்ள போயிட்டாரு.

வசந்தா விறுவிறுன்னு செடியாண்ட போனா. மீதி மூணு பூவையும் பறிச்சா. அக்காவ முக்காலில ஒக்கார வச்சு, பின்னால நின்னு, அஞ்சு பூவையும் அவங்க கொண்டைல சுத்தி சொருகினா. தனக்குன்னு ஒண்ணு வச்சுக்கல. "வேணாம்டி, நீ ஆசயா வளத்தது"ன்னு அக்கா திரும்பினாங்க. "பேசாம ஒக்காருங்க அண்ணி"ன்னு தலையப் புடிச்சு நேரா வச்சா. அவ கண்ணத் தொடச்சது அக்காவுக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சுது.

ஒரு வருசம் எல தொடச்ச நானு? ஒரு பூவ மோந்து கூட பாக்கல. யாரு கேட்டா?

சாயங்காலம் அக்காவ பஸ்ஸு ஏத்திட்டு திரும்பி நடந்து வர்றோம். வர்ற ஞாயித்துக்கிழம அண்ணன் வீட்டுக்குப் போறதுன்னு முடிவாயிடுச்சு. நான் சந்தோசத்துல கொஞ்சம் வாய வுட்டுட்டேன்.

"அப்ப இவ்ளோ நாளா தப்பு உங்கண்ணன் மேலதான்! வீட்டுப் பொம்பளைக்கு ரெண்டே ரெண்டு பூவ எண்ணி வச்ச கஞ்ச..."

வசந்தா நடுரோட்ல நின்னுட்டா.

"எங்கண்ணனப் பத்தி ஒரு வார்த்த பேசக் கூடாது, ஆமா! அவரு பொறுப்பான மனுசன். வீட்டு மரத்துலேர்ந்து நாலு காசு பாக்கத் தெரிஞ்சவரு. உங்கள மாதிரியா, வருசம் பூரா தண்ணி ஊத்தி அஞ்சு பூ எடுக்கறதுக்கு?"

செண்பகமாவது பரவால்லீங்க, நல்ல தண்ணி ஊத்தினா எங்க ஊருலயும் வேரு புடிச்சுக்குது... மச்சான் மேல கோவத்த நட்டுப் பாருங்க, எந்தப் பொண்டாட்டிகிட்டயும் அது துளிரே வுடாது!